தகடு சொல்லும் வம்சாவளி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் உள்ள ஆர்னால்டு மரப்பூங்காவில் எந்த மரத்தை நெருங்கினாலும், கிளையிலோ தண்டிலோ ஒரு சின்ன உலோகத் தகடு தெரியும். அதில் மரத்தின் தாவரவியல் பெயரும் குடும்பமும் பொறிக்கப்பட்டிருக்கும். அதோடு ஓர் எண்ணும் உண்டு. அந்த மரம் எந்த ஆண்டு தோட்டத்துக்கு வந்தது, அந்த ஆண்டில் வந்தவற்றில் எத்தனையாவது, ஒரே விதைத்தொகுதியில் முளைத்த பல செடிகளில் இது எந்தச் செடி என்று மூன்று செய்திகள் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. எண்ணை வைத்துப் பதிவேட்டில் தேடினால் விதையைத் திரட்டியவர் யார், எந்த மலையில், எந்த நாளில், பக்கத்தில் என்னென்ன மரங்கள் நின்றன என்பது வரை கிடைக்கும். கன்று விதையிலிருந்து வந்ததா, போத்தா, ஒட்டா என்பதும் எழுதப்பட்டிருக்கும்.

இந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டால் அங்கே மிஞ்சுவது ஓர் அழகான பூங்கா, அவ்வளவுதான். தகடு இருப்பதால் அது ஆய்வுக்கூடமாகிறது. நட்டவர் மனத்தில் இல்லாத கேள்விகளுக்கெல்லாம் நூறு ஆண்டு கழித்து அந்த மரங்கள் விடை சொல்லியிருக்கின்றன. அப்படிப்பட்ட சில விடைகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் தோட்டம் பிறந்த கதை. நியூ பெட்போர்டு என்ற துறைமுக ஊரில் திமிங்கில வேட்டைத் தொழிலில் பணம் சேர்த்த ஜேம்ஸ் ஆர்னால்டு 1868ல் இறந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்தில் ஒரு பகுதி, அறங்காவலர்களின் முயற்சியால் 1872ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மரப்பூங்காவுக்கு மூலதனமானது. நிலம் பெஞ்சமின் பஸ்ஸி என்ற இன்னொரு வணிகர் பல்கலைக்கழகத்துக்கு முன்பே கொடுத்தது. 1873ல் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்ற சார்ல்ஸ் ஸ்பிரேக் சார்ஜென்ட், 1927ல் இறக்கும் வரை 54 ஆண்டுகள் அதே பொறுப்பில் இருந்தார். நட்ட கன்று முதிர்ந்து நிழல் தருவதைத் தன் பணிக்காலத்திலேயே பார்த்த மனிதர். இந்தக் கொடுப்பினை வாய்த்த இயக்குநர்கள் மிகச் சிலர்.

பணம் போதவில்லை. சாலை, மதில், காவல் எல்லாவற்றுக்கும் வழி வேண்டும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த பிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டும் சார்ஜென்டும் சேர்ந்து ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். 1882ல் ஒப்பந்தம் ஆனது. நிலம் பாஸ்டன் நகரத்துக்குச் சொந்தம். நகரம் அதை ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகைக்கு ஹார்வர்டிடமே 1000 ஆண்டுகளுக்கு விடும். சாலையும் காவலும் நகரத்தின் பொறுப்பு. மரமும் ஆய்வும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. பொதுமக்கள் கட்டணமின்றி உள்ளே வரலாம். காலம் முடிந்தால் இன்னொரு 1000 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளவும் வழி வைத்தார்கள். மரம் வளர்க்கிற நிறுவனத்துக்கு ஐந்தாண்டுத் திட்டம் போதாது என்பதை இவ்வளவு தெளிவாக உணர்ந்து எழுதிய வேறோர் ஒப்பந்தத்தை நான் அறியேன்.

பாஸ்டன் மெட்ரோவின் ஆரஞ்சு தடத்தில் கடைசி நிலையமான ஃபாரஸ்ட் ஹில்ஸில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். டிக்கெட் கிடையாது. 281 ஏக்கர். நம் ஊர்ப் பள்ளியிலோ கல்லூரியிலோ தாவரவியல் படித்தவர்களுக்கு இங்கே ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த பென்தம் – ஹூக்கர் வகைப்பாட்டின் வரிசையிலேயே இந்தத் தோட்டம் நடப்பட்டிருக்கிறது. நுழைவாயிலருகே மக்னோலியாக்கள், சாலையோடு நடக்க நடக்க லிண்டன், மேப்பிள் என்று குடும்பம் குடும்பமாக வரும், ஊசியிலை மரங்கள் வந்து சேரக் கடைசியாகும். புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்த வரிசையைக் காலால் நடந்து பார்க்கலாம்.

வகைப்பாடு பிறகு எத்தனையோ முறை மாறிவிட்டது. மரங்களைப் பிடுங்கி மாற்றி நட முடியுமா? அவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன. இதில் சுவையான ஒரு செய்தி உண்டு. பென்தமும் ஹூக்கரும் மேப்பிளைப் பூந்திக்கொட்டைக் குடும்பத்தில் வைத்தார்கள். பின்வந்தவர்கள் அதைப் பிரித்துத் தனிக்குடும்பம் ஆக்கினார்கள். இப்போது மரபணு ஆய்வு அதைப் பழையபடி பூந்திக்கொட்டைக் குடும்பத்துக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இலையுதிர்காலத்தில் தீப்பிடித்ததுபோல் சிவக்கிற மேப்பிள் மரம், நாம் தோசைமாவில் அரைத்துச் சேர்க்கிற முடக்கத்தானுக்குச் சொந்தம்.

தோட்டத்தின் உண்மையான செல்வம் வேறோர் இடத்தில் இருக்கிறது. துலிப் மரம் என்ற லிரியோடெண்ட்ரானைப் பாருங்கள். நுனியைக் கத்தரித்துவிட்டதுபோன்ற இலை. ஒருமுறை பார்த்தால் மறக்காது. உலகத்தில் இந்தப் பேரினத்தில் உயிரோடு இருப்பவை இரண்டே சிற்றினங்கள். ஒன்று அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மற்றொன்று சீனாவிலும் வியட்நாமிலும். இடையில் ஒரு பெருங்கடலும் பாதி கண்டமும் கிடக்கின்றன. மக்னோலியா, விட்ச் ஹேசல், சாசஃப்ராஸ், ஹிக்கரி என்று பல பேரினங்களிலும் இதே கதைதான். ஒரு கிளை கிழக்காசியாவில் இருக்கும், மறு கிளை கிழக்கு அமெரிக்காவில் இருக்கும். அருகிலிருக்கும் மேற்கு அமெரிக்காவில் தேடினால் பல இனங்கள் இல்லவே இல்லை.

இந்தப் புதிரை விரிவாக ஆராய்ந்தவர் ஹார்வர்டின் தாவரவியலாளர் ஏசா கிரே. ஜப்பானிலிருந்து வந்த தாவர மாதிரிகளை வைத்து 1859ல் அவர் எழுதினார். அதே ஆண்டில்தான் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் நூல் வெளியானது. இருவரும் கடிதத் தொடர்பில் இருந்தவர்கள். இந்த இனங்கள் தனித்தனியாகத் தோன்றவில்லை, ஒரு காலத்தில் வடக்கே பரந்திருந்த ஒரே காட்டின் மிச்சங்கள் இவை என்பது கிரே கண்ட விடை. இன்றைய புதைபடிவச் சான்றுகளும் அதையே சொல்கின்றன. பூமி இப்போதைவிட வெப்பமாக இருந்த காலத்தில் ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா மூன்றின் வடபகுதியிலும் இந்தக் காடு தொடர்ந்து கிடந்தது. குளிர் கூடக் கூட அது தெற்கே நகர்ந்தது. மேற்கு அமெரிக்காவில் கோடைமழை இல்லாமல்போய்ப் பல இனங்கள் மறைந்தன. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் போன்ற கிழமேற்கு மலைத்தொடர்கள் தெற்கு நோக்கிய வழியை மறித்தன. பனியுகங்கள் அங்கே பெரும்பாலானவற்றைத் துடைத்துவிட்டன. கோடையில் நல்ல மழை பெய்கிற கிழக்காசியாவிலும் கிழக்கு அமெரிக்காவிலும் மட்டும் காடு பிழைத்துக்கொண்டது.

சீனத் துலிப் மரமும் அமெரிக்கத் துலிப் மரமும் பிரிந்து ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் வைத்தால் விதை பிடிக்கிறது, கலப்பின மரம் செழித்து வளர்கிறது. புத்தகத்தில் இது ஒரு வரி. ஒரே தோட்டத்தில் இரண்டின் இலையையும் அடுத்தடுத்துக் கையில் பிடித்துப் பார்க்கும்போதுதான் அந்தக் காலத்தின் நீளம் உறைக்கிறது.

பாஸ்டனின் உறைபனிக் குளிரும் கோடைமழையும் வடகிழக்கு ஆசியாவோடு ஒத்துப்போவதால் அங்கிருந்து வரும் விதை இங்கே முளைக்கும் என்பது சார்ஜென்டுக்குத் தெரிந்திருந்தது. விதை தேடி அவர் அனுப்பியவர்களில் பெரும்பெயர் பெற்றவர் எர்னெஸ்ட் ஹென்றி வில்சன் என்ற ஆங்கிலேயர். முன்பு ஒரு இங்கிலாந்து நாற்றுப்பண்ணைக்காகச் சீனா போனபோது, கையால் வரைந்த ஒரு வரைபடத்தை நம்பி ஒற்றை டேவிடியா மரத்தைத் தேடிப் போனவர் அவர். போய்ச் சேர்ந்தபோது மரம் இல்லை. வெட்டுண்ட அடித்தண்டும் அதன் பலகையில் கட்டிய ஒரு வீடும் இருந்தன. மனம் தளராமல் வேறோர் இடத்தில் அதே இனத்தைக் கண்டுபிடித்தார். ஆர்னால்டு மரப்பூங்காவுக்காக 1907லும் 1910லும் மறுபடி சீனா சென்றார். 1910ல் மலைப்பாதையில் பாறை சரிந்து அவர் கால் முறிந்தது. கேமராவின் முக்காலியை வைத்துக் காலைக் கட்டிக்கொண்டார். பாதை குறுகல், எதிரே வந்த கோவேறு கழுதைக் கூட்டம் திரும்ப இடமில்லை. படுத்துக் கிடந்த அவரை ஒவ்வொரு கழுதையாகத் தாண்டிப் போயின, ஒன்றுகூட மிதிக்கவில்லை. வாழ்நாள் முழுதும் அவர் சற்றுச் சாய்ந்தே நடந்தார். அந்தப் பயணங்களின் மரங்கள் இன்றும் தோட்டத்தில் நிற்கின்றன. அவற்றில் ஒன்று பின்னால் வரப்போகிற ஒரு சிக்கலில் நமக்குத் தேவைப்படும்.

மெட்டாசெக்குவோயா என்ற ஊசியிலை மரத்துக்கு வருவோம். 1941ல் ஜப்பானியப் புதைபடிவ ஆய்வாளர் ஷிகெரு மிகி, கல்லில் பதிந்த இலைகளையும் கூம்புகளையும் வைத்து இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டார். அழிந்துபோன மரம் என்றே எல்லோரும் எண்ணினார்கள். அதே ஆண்டுகளில் போர் நடந்துகொண்டிருந்த சீனாவின் உட்பகுதியில், மோதாவோசி என்ற கிராமத்தில் ஊர்மக்கள் வழிபட்டு வந்த ஒரு பெரிய மரம் வனத்துறையினர் கண்ணில் பட்டது. 1943ல் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. அது மிகி பெயரிட்ட மரமேதான் என்று சீன அறிஞர் ஹூ சியென்சூ கண்டுகொண்டார். அவரும் செங் வான்ச்சுனும் 1948ல் உயிருள்ள சிற்றினத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

ஆர்னால்டு மரப்பூங்காவின் எல்மர் மெரில் செய்தி அறிந்து விதை திரட்ட 250 டாலர் அனுப்பினார். 1947 இலையுதிர்காலத்தில் சீனர்கள் மலையேறிச் சேகரித்த விதைகள் 1948 ஜனவரியில் பாஸ்டன் வந்தன. மெரில் அவற்றைப் பூட்டிவைக்கவில்லை. உலகெங்கும் உள்ள தோட்டங்களுக்குப் பொட்டலம் பொட்டலமாக அனுப்பினார். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாலையோரங்களில் நிற்கும் முதிர்ந்த மெட்டாசெக்குவோயாக்களில் பல அந்தப் பொட்டலங்களின் வழி வந்தவை. இயற்கையான வாழிடத்திலோ சில ஆயிரம் மரங்களே மிஞ்சியிருக்கின்றன. அழியும் நிலையில் உள்ள இனம் அது. 250 டாலருக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைத்த வேறோர் அறிவியல் செலவைச் சொல்வது கடினம்.

இந்த மரத்திடம் கேட்பதற்கு ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் ஆண்டு முழுதும் பச்சை. இது ஏன் குளிர்காலத்தில் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கிறது? கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் உள்ள ஆக்ஸல் ஹைபெர்க் தீவில், சுமார் 4.5 கோடி ஆண்டுக்கு முந்தைய மெட்டாசெக்குவோயாக் காட்டின் அடித்தண்டுகள், கல்லாகாமல் கட்டையாகவே கிடைத்துள்ளன. துருவத்தில் குளிர்காலம் முழுதும் இருட்டு. இருட்டில் இலையை வைத்திருந்தால் ஒளிச்சேர்க்கை நடக்காது, சுவாசத்தில் சேமிப்புதான் கரையும், அதனால் இலையை உதிர்த்துவிடுவது லாபம் என்று நெடுங்காலம் விளக்கம் சொன்னார்கள். நல்ல விளக்கம், ஆனால் உயிருள்ள மரம் கையில் இருந்ததால் அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. துருவக் குளிர்கால இருட்டைச் செயற்கையாக உருவாக்கி அதில் மெட்டாசெக்குவோயாவையும் பசுமை மாறா மரங்களையும் வளர்த்து 2003ல் முடிவை வெளியிட்டார்கள். இலையுதிர்ப்பதால் இழக்கும் கரிமம், இருட்டில் சுவாசித்து இழப்பதைவிடப் பல மடங்கு அதிகம்! பழைய விளக்கம் நிற்கவில்லை. கல்லில் பதிந்த இலையை மட்டும் வைத்து இதை ஒருநாளும் கண்டுபிடித்திருக்க முடியாது.

தோட்டம் காப்பாற்றிய இன்னொரு மரம் ஃபிராங்க்ளினியா. தேயிலைக் குடும்பம், வெள்ளைப் பூவும் நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்தும் தேயிலைப் பூவைப் பெரிதாக்கியதுபோல் இருக்கும். 1765ல் ஜான் பார்ட்ரமும் மகன் வில்லியமும் ஜார்ஜியாவில் ஆல்டமஹா ஆற்றங்கரையில் அதைக் கண்டார்கள். பிறகு வில்லியம் விதை எடுத்துவந்து வளர்த்தார். 1803க்குப் பிறகு காட்டில் அதை யாரும் பார்த்ததில்லை. உலகில் இன்று எங்கே ஒரு ஃபிராங்க்ளினியா பூத்தாலும் அது பார்ட்ரம் எடுத்த விதையின் வழித்தோன்றல். ஆர்னால்டு பூங்காவின் ஃபிராங்க்ளினியாக்கள் நூறாண்டு தாண்டியவை. கோடை முடியும் வேளையில் போகிறவர்கள் பூவோடு பார்க்கலாம்.

ஆனால் தோட்டத்தில் காப்பாற்றுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. 1928ல் இங்கே நின்ற சீன விட்ச் ஹேசலின் விதையை எடுத்து விதைத்தார்கள். முளைத்தவற்றில் சில தாயைப்போல் இல்லை. பக்கத்தில் நின்ற ஜப்பானிய இனத்தின் மகரந்தம் தேனீ வழியாகவோ ஈ வழியாகவோ வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கலப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'ஆர்னால்டு பிராமிஸ்' என்று பெயரிட்டார்கள். பனி விலகுமுன்னே மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும் அது இன்று எத்தனையோ வீட்டுத் தோட்டங்களில் இருக்கிறது. தோட்டக்காரருக்கு அது வரம். ஓர் இனத்தைக் கலப்பில்லாமல் பாதுகாக்க நினைக்கிறவருக்கோ எச்சரிக்கை. உலகின் இனங்களை எல்லாம் அருகருகே நட்டுவைத்த இடத்தில் எடுத்த விதைக்கு அப்பன் யாரென்று தெரியாது. ஆகவேதான் காட்டில் நேரடியாகத் திரட்டிய விதைக்கு இங்கே தனி மதிப்பு. பதிவேட்டில் இதற்கென்றே ஒரு குறி இருக்கிறது.

பதிவேட்டின் வலிமையை மிக நன்றாகக் காட்டியது 2004ல் வந்த ஓர் ஆய்வு. இங்குள்ள மரங்கள் பூக்கும்போது ஒரு சிறு கிளையை வெட்டி, அழுத்தி உலர்த்தி, தேதியும் மரத்தின் எண்ணும் எழுதித் தாளில் ஒட்டிவைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரைமாக் குழுவினர், 1885க்கும் 2002க்கும் இடைப்பட்ட 372 பூத்த பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றைத் தந்த 229 செடிகளும் மரங்களும் தோட்டத்தில் இன்னும் உயிரோடு இருந்தன. தகட்டு எண்ணைப் பார்த்து அதே மரத்தின் முன்னால் போய் நின்று, இப்போது எந்தத் தேதியில் பூக்கிறது என்று குறித்தார்கள். 1900–1920 காலத்தைவிட 1980–2002 காலத்தில் சராசரியாக 8 நாள் முன்னதாகப் பூக்கின்றன. நூறு ஆண்டுகளில் பாஸ்டனின் வெப்பநிலை சுமார் 1.5 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. மாதிரியை ஒட்டிவைத்த ஊழியர்களில் எவரும் பருவநிலை மாற்றம் என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். தேதியை மட்டும் ஒழுங்காக எழுதினார்கள். அந்த ஒழுங்குக்கு நான் தலைவணங்குகிறேன்.

இனி அந்தச் சிக்கல். தோட்டத்தின் ஒரு குன்றில் ஹெம்லாக் மரங்கள் இயற்கையாகவே அடர்ந்த காடாக நின்றன. ஜப்பானிலிருந்து வந்து ஹெம்லாக்கைத் தாக்கும் ஒரு சாறுண்ணிப் பூச்சி 1951ல் வர்ஜீனியா மாநிலத்தில் முதலில் கண்டறியப்பட்டது. நம் பப்பாளி மரத்தில் மாவுப்பூச்சி அப்பியதுபோல், ஊசியிலையின் அடியில் வெள்ளைப் பஞ்சாகத் தெரியும். கிழக்கு அமெரிக்காவில் உள்ளவை எல்லாமே பெண்கள். ஆண் இல்லாமலே முட்டையிட்டுப் பெருகுகின்றன. காற்றும் பறவையும் அவற்றைச் சுமந்து போகின்றன. 1997ல் ஆர்னால்டு பூங்காவுக்கும் அது வந்துசேர்ந்தது. ஹெம்லாக் குன்றில் பல மரங்கள் சாய்ந்தன. மருந்து கொடுத்துக் காப்பாற்றப்பட்டவையே இன்று பெரும்பாலும் நிற்பவை.

அந்த வேளையில்தான் வில்சன் 1910ல் சீனாவில் திரட்டிய செடிகளில் பிழைத்திருந்த ஒரு சீன ஹெம்லாக்கும், பிற்காலத்தில் சீனக் காடுகளிலிருந்து வந்த விதையில் வளர்ந்த அதன் இனத்தவையும் கவனம் பெற்றன. அவற்றைப் பூச்சி அண்டவில்லை. அமெரிக்காவின் வடகிழக்குக்கு உரிய ஹெம்லாக்கைச் சீன ஹெம்லாக்கோடு கலப்பினம் செய்யும் முயற்சிகள் பலிக்கவில்லை. ஆனால் கரோலினா ஹெம்லாக் என்ற மற்றோர் அமெரிக்க இனத்தோடு கலப்பு நிகழ்ந்து, எதிர்ப்புத் திறனுள்ள செடிகள் கிடைத்திருக்கின்றன. இறந்த ஹெம்லாக் நின்ற இடத்தில் என்ன நடலாம் என்று கேட்கிறவர்களுக்கு, பாஸ்டன் குளிரைப் பல பத்தாண்டுகள் தாங்கிக் காட்டிய ஒரு மரம் கண்ணெதிரே சாட்சியாக நிற்கிறது.

கடல் கடந்து மரம் கொண்டுவருவதில் எல்லாம் நன்மைதான் என்று சொல்ல முடியாது. ஹெம்லாக்கைக் கொன்ற பூச்சியும் கடல் கடந்து வந்ததே. இத்தகைய தோட்டங்களில் பெருமையோடு வளர்க்கப்பட்ட ஆமூர் கார்க் மரம் இன்று கிழக்கு அமெரிக்கக் காடுகளில் களையாகப் பரவுகிறது. அதைக் கொண்டுவந்த தலைமுறைக்கு அழகும் புதுமையும் மட்டுமே கண்ணில் பட்டன. எந்த இனம் எந்த ஆண்டு, எங்கிருந்து நுழைந்தது என்று இன்றைக்குத் துல்லியமாகச் சொல்ல முடிவதற்கும் அதே பதிவேடுதான் கைகொடுக்கிறது.

போகிற வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு சொல். மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வாக்கில் லைலாக் திருநாள் வரும். அன்று கூட்டம் அலைமோதும். மரங்களைப் பார்க்க வேண்டும் என்றால் குளிர்காலத்திலும் ஒருமுறை போங்கள். இலவங்கப்பட்டை நிறத்தில் பட்டை சுருள் சுருளாக உரியும் சீன மேப்பிளை அப்போதுதான் முழுதாகப் பார்க்கலாம். ஊசி உதிர்ந்த மெட்டாசெக்குவோயாவின் தண்டு விரிந்து முறுக்கேறியிருப்பதும் அப்போதுதான் தெரியும்.

போக முடியாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி வளாகங்களிலும் தாவரவியல் பூங்காக்களிலும் மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கும் நல்ல வழக்கம் பரவியிருக்கிறது. தமிழ்ப்பெயர், தாவரவியல் பெயர், குடும்பம் என்று எழுதுகிறோம். அதோடு நட்ட ஆண்டையும், விதை அல்லது கன்று எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதே விவரத்தை ஒரு நோட்டிலும் ஏற்றி நூலகத்தில் வையுங்கள். ஆண்டுதோறும் முதல் பூ பூக்கும் தேதியைக் குறிக்க ஒரு மாணவரைப் பொறுப்பாக்குங்கள். இதற்குப் பெரிய செலவு கிடையாது.